மலை மாளிகை நூதனசாலை: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

கோயில் அல்லாத கட்டடத்துக்குத் திருப்பணி என்ற சொல் எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நமது பிரடெரிக் கோட்டை வாசல் கல்வெட்டில், கோணேசர் கோயிலைக் கட்டுவித்ததாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் பெயரோடு பொறித்திருக்கும் சொல் அது. திருகோணமலையில் இருந்துகொண்டு வேறு சொல் தேடுவானேன்?

மாளிகையைக் கெடுத்தது மழையல்ல, முந்தைய திருத்தத்தில் பூசிய சீமெந்து. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் ஈரத்தை உறிஞ்சும், பிறகு வெளியே விடும். மேலே சீமெந்து மூடியதும் ஈரம் உள்ளேயே தங்கிவிட்டது. கடற்காற்றில் வந்த உப்பு கல்லுக்குள் படிகமாகி அதை உடைத்தது. கடற்பக்கச் சுவரில் பூச்சைக் கழற்றியபோது செங்கல் விரலில் மாவாக ஒட்டியது. செலவில் பெரும்பகுதி சீமெந்தை உளியால் எடுக்கவே போனது. அதிர்வில் நல்ல கல்லும் கழன்றுவிடும் என்பதால் மின்கருவி பாவிக்கவில்லை. பின்னர் கடதாசிக் கூழும் களிமண்ணும் குழைத்து அப்பி, காய்ந்ததும் உரித்து, 3 தடவை உப்பை இழுத்தெடுத்தோம்.

முன்பு சுண்ணாம்பு சுட்டது முருகைக்கல்லில் (பவளக்கல்லில்). கரையோரத்தில் அதை அகழ்வது தடைசெய்யப்பட்டது. எனவே டொலமைட் என்னும் பாறையில் சுட்ட சுண்ணாம்பைப் பாவித்தோம். அதிலுள்ள மக்னீசியம் தண்ணீர் பட்டு ஆறுதலாகவே நீறும். நீறாத கட்டி பூச்சுக்குள் போனால் பிறகு ஈரம் பட்டுப் பொங்கி, காசளவு குழி விழும். மாதிரிச் சுவரில் அதுதான் நடந்தது. ஆகவே நீற்றியதைச் சல்லடையில் வடித்து, 3 மாதம் குழியில் தண்ணீருக்கடியில் வைத்தோம். திறப்பு பிந்தியது இதனாலேயே. கலவை 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய ஆற்றுமணல். கடல்மணல் ஒரு சட்டிகூடச் சேரவில்லை.

வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் பூசத் தொடங்கியது எங்கள் பிழை. இறுகுமுன் காய்ந்த இடமெல்லாம் மயிர்வெடிப்பு. அந்தப் பகுதியை உரித்து மறுபடி பூசி, நனைத்த சாக்குத் தொங்கவிட்டு, 14 நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தோம்.

பழைய ஓடும் புதிய ஓடும் ஒன்றோடொன்று கவ்வாது. மீட்ட ஓடுகளை முகப்புக்கும் புதியவற்றைப் பின்பக்கத்துக்கும் வைத்தோம். கீழ் 2 வரிசையும் செப்புக் கம்பியால் கட்டப்பட்டுள்ளன. குரங்குகள் அனுமதிச்சீட்டு வாங்குவதில்லை.

சுவர் திட்டுத்திட்டாகத் தெரிவது குறையல்ல, சுண்ணாம்பு இன்னும் இறுகுகிறது. பிளாஸ்டிக் பெயின்ற் அடிக்கச் சொல்ல வேண்டாம். ஈரம் மறுபடி அடைபடும். காட்சி அலுமாரிகள் சுவரிலிருந்து 1 அடி தள்ளியே நிற்கும். படங்களுக்கு ஆணி அடிக்காமல், மேலே ஓடும் மரச்சட்டத்தில் கம்பி போட்டுத் தொங்கவிட வேண்டும். வாடை மழை ஓய்ந்ததும் இரண்டாவது வெள்ளை அடிக்கப்படும்.

திருப்பணிக் குழு