மைதானம் வந்தது, மளிகைக்கடை வரவில்லை: ஹார்ட்ஃபோர்ட் மேயருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
மெயின் தெருவின் வடபகுதியில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத் தலைவி,
ஹார்ட்ஃபோர்ட், கனெக்டிகட்.

பெறுநர்:
மாண்புமிகு மேயர் அருணன் அருளம்பலம் அவர்கள்,
நகர மண்டபம், 550 மெயின் தெரு, ஹார்ட்ஃபோர்ட்.

பொருள்: டங்கின் பார்க் பேஸ்பால் மைதானத்தை ஒட்டிய மனைகளில் முழு அளவிலான மளிகை அங்காடி அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இந்த மனுவின் ஆங்கிலப் படியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். இலங்கைப் போருக்குத் தப்பி வந்த தமிழ்க் குடும்பத்தின் பிள்ளை நம் ஊர் மேயராக இருக்கும்போது, மனத்தில் உள்ளதைத் தமிழிலும் ஒருமுறை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

மைதானத்தின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. கோடைக்கால மாலைகளில் என் மகனைக் கூட்டிக்கொண்டு நடந்தே போய் நம் ஊர் பேஸ்பால் அணியான யார்ட் கோட்ஸின் ஆட்டம் பார்ப்போம். முதல்நிலை அணியான கொலராடோ ராக்கீஸுக்கு நாளை ஆடப்போகும் பையன்களை இன்றைக்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கிறோம் என்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை. 2019 முதல் அந்த மைதானத்தில் வேர்க்கடலை விற்பதில்லை. கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் பயமில்லாமல் ஆட்டம் பார்க்க வரட்டும் என்று எடுத்த முடிவு அது. பேஸ்பால் என்றாலே கடலை என்றிருந்த நாட்டில் இப்படி ஒரு முடிவு எடுக்கப் பெரிய மனது வேண்டும். சில பிள்ளைகளுக்காக அவ்வளவு யோசித்த இடம் என்பதால்தான், அதைச் சுற்றி வாழும் ஆயிரக்கணக்கானவர்களின் சாப்பாட்டைப் பற்றி அங்கிருந்தே பேசத் துணிகிறேன்.

மைதானம் எப்படி வந்தது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2014இல், பக்கத்து ஊரான நியூ பிரிட்டனில் ஆடிக்கொண்டிருந்த அணியை இங்கே கொண்டுவருவதாக அறிவித்தார்கள். நகரசபை ஒப்புக்கொண்ட செலவு 5 கோடியே 60 லட்சம் டாலர். முடிவில் அது 7 கோடியைத் தாண்டியது. 2016 ஏப்ரலில் திறந்திருக்க வேண்டும். வேலை முடியாததால் அந்த ஆண்டு முழுவதும் அணி வெளியூர்களிலேயே ஆடித் தீர்த்தது. கட்டுமான நிறுவனத்தை நகரம் விலக்கியது, வழக்கு வந்தது. 2017 ஏப்ரல் 13 அன்றுதான் கதவு திறந்தது. அதே ஆண்டில் நகரம் திவாலாகும் நிலைக்குப் போய், பிறகு சுமார் 55 கோடி டாலர் கடனை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. அந்தக் கடன் மைதானத்தால் மட்டும் வந்ததல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் கையில் காசில்லாத ஊர் ஒரு விளையாட்டரங்கத்துக்குக் கடன் வாங்கியபோது, வடக்குப் பகுதி மக்களுக்கு எதைச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மைதானம் தனியாக வராது, கூடவே குடியிருப்பு வரும், கடைகள் வரும், முக்கியமாக ஒரு பெரிய மளிகை அங்காடி வரும் என்றார்கள். முதல் திட்டத்திலேயே அது இருந்தது. வழக்கு நடந்த ஆண்டுகளில் சுற்றியிருந்த மனைகள் கார் நிறுத்துமிடங்களாகவே கிடந்தன. பிறகு 2022இல் 270 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது. நல்லது. 2024இல் தங்கள் காலத்தில் அந்த வழக்கும் சமரசமாக முடிந்தது. அங்காடியை மட்டும் காணோம்.

என் மாடிவீட்டில் ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு பாட்டி இருக்கிறார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்ய வந்த கரீபியத் தொழிலாளர்களின் வழிவந்த சமூகம்தான் வடக்குப் பகுதியின் கடைத்தெருவான ஆல்பனி அவென்யூவை இன்றும் உயிரோடு வைத்திருக்கிறது. பாட்டியும் அந்தச் சமூகத்தோடு சேர்ந்தவர். அவரிடம் கார் இல்லை. நியூ பார்க் அவென்யூவில் இருக்கும் பேரங்காடிக்குப் போக ஒரு பஸ் ஏறி, டவுன்டவுனில் இறங்கி, வேறு பஸ் மாற வேண்டும். ஹார்ட்ஃபோர்டின் பஸ்கள் பெரும்பாலும் ஊர் நடுவில் வந்து சேர்ந்து அங்கிருந்தே பிரிந்து போகின்றன. பனிக்காலத்தில் இரண்டு கைகளிலும் பையைத் தூக்கிக்கொண்டு அவர் அந்த நிறுத்தத்தில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் பாதி நாள் அவர் மூலைக்கடையில் கிடைக்கும் டப்பா உணவைத்தான் சாப்பிடுகிறார். அவருக்குச் சர்க்கரை நோய் வேறு. நாங்கள் அரிசி, பருப்பு வாங்கக் காரில் புறநகருக்குப் போகும்போது அவருக்கும் கீரையும் பழமும் வாங்கி வருகிறோம். ஒரு நகரம் செய்ய வேண்டிய வேலையை அக்கம்பக்கத்தார் எத்தனை நாள் செய்ய முடியும்?

ஊரின் நடுப்பகுதியையும் வடக்கையும் ஐ-84 நெடுஞ்சாலைப் பள்ளம் இரண்டாகப் பிரித்துவிட்டது. மைதானம் நிற்பது அந்தப் பள்ளத்தின் வட விளிம்பில். வடக்கே உள்ள கிளே ஆர்சனல் குடியிருப்புப் பகுதியிலிருந்து நடந்தே வரலாம். டவுன்டவுனில் வேலை செய்பவர்களும் பாலம் தாண்டி வரலாம். இரு பக்கத்து மக்களும் ஒரே கடையில் காய்கறி வாங்க இதைவிடப் பொருத்தமான இடம் இந்த ஊரில் இல்லை.

ஆகவே தங்களை வேண்டுவது இதுதான். அங்கே இனி எந்த மனைக்குக் கட்டட ஒப்பந்தம் போட்டாலும், தரைத்தளத்தில் முழு அளவிலான மளிகை அங்காடிக்கு இடம் ஒதுக்குவது எழுத்து மூலமான நிபந்தனையாக இருக்கட்டும். முயற்சி செய்வதாகவோ பரிசீலிப்பதாகவோ அல்லாமல், தேதி போட்டு, தவறினால் வரிச் சலுகை ரத்து என்று சேர்த்து எழுதுங்கள். தனியார் யாரும் முன்வரவில்லை என்றால் கூட்டுறவுக் கடையாகவோ நகராட்சிக் கடையாகவோ தொடங்குங்கள். விளையாட்டுக்குக் கடன் வாங்க முடிந்த ஊருக்குச் சோற்றுக்கும் ஒரு வழி இருக்கும். நில வங்கியை நடத்தியபோது கைவிடப்பட்ட வீடுகளை உள்ளூர்க்காரர்களைக் கொண்டே மீட்டவர் தாங்கள். அந்த அனுபவம் இதற்கும் உதவும்.

அங்காடி எழும்வரை ஒரு ஏற்பாடு செய்யலாம். ஆண்டுக்குச் சொந்த ஊரில் நடப்பது 69 ஆட்டங்கள்தான். ஆட்டம் இருக்கும் வாரங்களில்கூடத் திங்கள்கிழமை பெரும்பாலும் ஓய்வு. மீதி நாட்களில் கார் நிறுத்துமிடங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. அங்கே வாரம் இருமுறை சந்தை கூட்டுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உணவு உதவி அட்டையை அங்கே கட்டாயம் ஏற்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் உழவர் சந்தை நடப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். தார்ப்பாயும் தராசும் இருந்தால் போதும், சந்தை நடக்கும்.

மைதானக் கடனுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு கட்டுகிறோம், அங்கிருந்து எவ்வளவு வருகிறது என்ற கணக்கையும் எளிய மொழியில் வெளியிட்டால் நல்லது.

இது குறித்துத் தங்களை நேரில் சந்திக்க அரைமணி நேரம் ஒதுக்கித் தரக் கேட்டுக்கொள்கிறேன். மாடிவீட்டுப் பாட்டியும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். படி ஏறுவது அவருக்குச் சிரமம் என்பதால் தரைத்தளத்தில் சந்திக்க ஏற்பாடு செய்தால் உதவியாக இருக்கும்.

நன்றி.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வடக்கு ஹார்ட்ஃபோர்ட் குடியிருப்பாளர்