நிஷினோ அவர்களுக்கு, அந்த 82ஆவது நிமிடம் பற்றி

அன்புள்ள நிஷினோ அவர்களுக்கு,

இன்று ஜூன் 28. 2018 உலகக் கோப்பைக் கால்பந்தில், நீங்கள் பயிற்சியாளராக இருந்த ஜப்பான் அணிக்கு வோல்கோகிராதில் போலந்தோடு நடந்த கடைசிக் குரூப் ஆட்டத்தில் என்ன ஆனது என்று உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. தோற்றும் அடுத்த சுற்றுக்குப் போனீர்கள். 82ஆவது நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் இந்தக் கடிதம்.

மூட்டோவை எடுத்துவிட்டு ஹசெபேயை இறக்கினீர்கள். 0-1 என்று பின்தங்கி நிற்கும் அணி ஃபார்வர்டை வெளியே கூப்பிட்டு, டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டரை அனுப்புகிறது. அவர் கொண்டுபோன சேதி: ஸ்கோர் இப்படியே இருக்கட்டும், மஞ்சள் அட்டை வாங்காதீர்கள். அதன் பிறகு பந்து உங்கள் பின்வரிசையிலேயே இடமும் வலமுமாக உருண்டது. ஜெயித்துக்கொண்டிருந்த போலந்தும் துரத்தி வரவில்லை. அரங்கமே ஊளையிட்டது.

கணக்கு சரிதான், மறுக்கவில்லை. அதே நேரம் சமாராவில் நடந்த செனகல்-கொலம்பியா ஆட்டத்தில் 74ஆவது நிமிடம் கொலம்பியாவின் யெர்ரி மினா தலையால் முட்டி கோல் போட்டதும் ஜப்பானும் செனகலும் எல்லாவற்றிலும் சமம்: 4 புள்ளி, போட்ட கோல் 4, வாங்கிய கோல் 4, நேருக்கு நேர் 2-2. அடுத்துப் பார்ப்பது நன்னடத்தைப் புள்ளி. மஞ்சளுக்கு 1, நேரடிச் சிவப்புக்கு 4 கழியும். உங்களுக்கு 4 மஞ்சள், அவர்களுக்கு 6. அதிலும் சமமானால் சீட்டுக் குலுக்கல். ஏறி ஆடப்போய், எதிர்த்தாக்குதலில் இன்னொரு கோல் வாங்கினால் மூட்டை கட்ட வேண்டியதுதான். உங்களைக் கோழை என்றவர்கள் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் பாதிக் கணக்கு சமாராவில் கிடந்ததே! செனகல் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் அவர்களுக்கு 5 புள்ளி. கொலம்பியாவுக்கும் உங்களுக்கும் 4, கோல் வித்தியாசத்தில் நீங்கள் வெளியே. உங்கள் பையன்களின் காலை நம்பாமல் கொலம்பியாவின் டிஃபென்ஸை நம்பினீர்கள். இதுதான் இன்னும் உறுத்துகிறது.

உங்களைத் தவிர வேறு யார் செய்திருந்தாலும் இவ்வளவு கோபம் வந்திருக்காது. அட்லாண்டா ஒலிம்பிக்கில், 1996இல், பிரேசிலை 1-0 என வீழ்த்திய அணி உங்களுடையது. ஹங்கேரியையும் ஜெயித்து 6 புள்ளி எடுத்தும், கோல் வித்தியாசத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு வெற்றியோடு வெளியேறியவர், இருபத்திரண்டு வருடம் கழித்து ஒரே வெற்றியோடு உள்ளே போகிறார். போகட்டும், உங்களுக்கு வர வேண்டியது வட்டியோடு வந்தது என்று சொல்ல ஆசைதான். செனகல்காரர்களும் படிப்பார்கள், சொல்லாமல் விடுகிறேன். உலகக் கோப்பையில் அட்டைக் கணக்கால் வெளியேறிய முதல் அணி அவர்கள்.

இவ்வளவு எண்ணி ஆடியவர், நான்கே நாளில், அடுத்த சுற்றில், ரோஸ்டோவில் என்ன செய்தீர்கள்? பெல்ஜியத்தோடு 2-0 முன்னிலை போய் 2-2. 94ஆவது நிமிடம், உங்கள் ஹோண்டா கார்னர் எடுக்கிறார். ஷார்ட்டாகத் தட்டிவிட்டு மூலையிலேயே வைத்திருந்தால் கூடுதல் நேரம். நேரே தூக்கிப் போட்டார். பெல்ஜிய கோல்கீப்பர் கூர்ட்வா பிடித்து டி ப்ருய்னேவிடம் உருட்ட, சில நொடிகளில் ஷாட்லி போட்டுவிட்டார். பந்தை வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லி அப்போது ஏன் ஒரு குரல் கொடுக்கவில்லை?