இறப்புப் பதிவேட்டில் விடுபடுவோர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியாவில் இறப்புப் பதிவு ஏறத்தாழ முழுமை பெற்றுவிட்டது என்ற எண்ணம் சில ஆண்டுகளாகப் பொதுப் பேச்சில் வேரூன்றி வருகிறது. இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் 2022ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட அறிக்கை, 2020இல் நிகழ்ந்த இறப்புகளில் 99.9 விழுக்காடு பதிவாகிவிட்டதாகக் கணித்திருந்ததே இதற்கு முதன்மையான காரணம். கிராம நிர்வாக அலுவலராகப் பணியாற்றிய காலத்தில் பிறப்பு இறப்புப் பதிவேட்டை என் பொறுப்பில் வைத்திருந்தவன் என்ற முறையில், இந்த எண்ணை நாம் அப்படியே ஏற்றுக்கொள்ளலாகாது என்பதைத் தங்கள் நாளிதழின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன். பதிவேட்டில் இடம்பெறாமல் போகிறவர்கள் யார் என்று கேட்டுப் பார்த்தால்தான் அதன் உண்மை நிலை விளங்கும்.

முதலில் பச்சிளங்குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். 2020இல் நாடு முழுவதும் பதிவான இறப்புகள் சுமார் 81.2 லட்சம். அவற்றுள் ஒரு வயது நிறைவதற்கு முன் இறந்த குழந்தைகள் 1,43,379 பேர் மட்டுமே. அதே அலுவலகம் தேர்ந்தெடுத்த ஊர்களில் நடத்தும் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு, அவ்வாண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்ததாகக் கூறுகிறது. பதிவான பிறப்புகளே ஏறத்தாழ 2.42 கோடி என்பதால், குறைந்தது ஆறே முக்கால் லட்சம் குழந்தைகளின் இறப்பு பதிவாகியிருக்க வேண்டும். பதிவானதோ அதில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்த இறப்புகளில் 0.1 விழுக்காடு மட்டுமே விடுபட்டது என்றால் விடுபட்டவர்கள் எட்டாயிரம் பேருக்குச் சற்று கூடக்குறைய இருக்கலாம். குழந்தைகளில் மட்டுமே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டிருக்கும்போது இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? இரண்டு எண்களும் ஒரே அலுவலகத்திலிருந்து வந்தவை.

குழந்தையின் இறப்பு ஏன் பதிவாவதில்லை என்பது கிராமத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட குழந்தையின் பெயரில் பட்டா இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, ரேஷன் அட்டையில் இடம் இல்லை. அதற்குப் பதினாறாம் நாள் காரியமும் செய்வதில்லை. அன்றே அடக்கம் செய்துவிட்டு, தாயைத் தேற்றும் வேலையில் குடும்பம் ஆழ்ந்துவிடுகிறது. சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்கு வர வேண்டிய தேவை யாருக்கும் எழுவதில்லை. பிறந்து சில மணி நேரம் உயிரோடு இருந்த குழந்தையையும் இறந்தே பிறந்ததாகச் சொல்லிவிடுகிற வழக்கமும் உண்டு. அப்போது பிறப்பும் பதிவாவதில்லை, இறப்பும் பதிவாவதில்லை. அந்தக் குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். துயரத்தில் இருப்பவர்கள் தேடி வந்து தெரிவிக்கட்டும் என்று காத்திருக்கும் ஏற்பாட்டில்தான் குறை இருக்கிறது.

அடுத்து பெண்கள். 2020இல் பதிவான இறப்புகளில் ஆண்கள் 60.2 விழுக்காடு, பெண்கள் 39.8 விழுக்காடு. ஆண்கள் சற்று இளம் வயதிலேயே அதிகமாக இறக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆயினும் இத்தனை பெரிய இடைவெளியை அது ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், வீடு வீடாகச் சென்று முந்தைய மூன்று ஆண்டுகளில் குடும்பத்தில் நிகழ்ந்த இறப்புகளைப் பற்றிக் கேட்டபோது, அவற்றில் ஏறத்தாழ 71 விழுக்காடு மட்டுமே பதிவு செய்யப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆண்களுக்கு அது சுமார் 74 விழுக்காடாகவும் பெண்களுக்குச் சுமார் 66 விழுக்காடாகவும் இருந்தது. அதற்குக் காரணமும் தெளிவானது. கணவர் இறந்தால் வாரிசுச் சான்றுக்கும், பட்டா மாறுதலுக்கும், விதவை உதவித்தொகைக்கும், காப்பீட்டுத் தொகைக்கும் இறப்புச் சான்று வேண்டும். அந்தப் பெண்ணே பின்னொரு நாள் இறக்கும்போது அவர் பெயரில் எதுவும் இல்லையென்றால், சான்று கேட்டு யாரும் வருவதில்லை. வாழ்நாள் முழுவதும் சொத்தில் பங்கில்லாமல் இருந்தவருக்குப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லாமல் போவது எனக்கு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

அப்படியானால் 99.9 என்ற எண் எங்கிருந்து வந்தது? பதிவான இறப்புகளை, நிகழ்ந்திருக்கக்கூடும் என மதிப்பிடப்பட்ட மொத்த இறப்புகளால் வகுத்து இந்த விழுக்காட்டைப் பெறுகிறார்கள். அந்த மதிப்பீடு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு தரும் இறப்பு விகிதத்தைச் சார்ந்தது. 1969-70 முதல் நாடு முழுவதும் நடந்துவரும் இந்தக் கணக்கெடுப்பின் முறை மிகச் சிறந்தது என்பதை மறுக்க மாட்டேன்: தேர்ந்தெடுத்த ஊர்களில் உள்ளூர்க் கணக்கெடுப்பாளர் ஒருவர் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து குறித்து வருகிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் தனியே வந்து அவற்றைத் திரட்டுகிறார், இரண்டும் பொருந்தாத இடங்களில் மீண்டும் வீட்டுக்கே சென்று சரிபார்க்கிறார்கள். எனினும் அதுவும் மனிதர்கள் நடத்தும் கணக்கெடுப்புதான். பெருந்தொற்று தொடங்கிய 2020இலும், அதற்கு முந்தைய 2019இலும் அது தந்த இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 6.0 என்ற ஒரே அளவாக இருந்தது. ஊரடங்குக் காலத்தில் களப்பணி எந்த அளவுக்குத் தடைபட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அளக்கும் படியே சிறிதாகிவிட்டால் அது நிறைந்து வழிவதில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, அந்த விகிதத்தைப் பெருக்கப் பயன்படும் மக்கள்தொகையும் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்து முன்கணித்துப் பெற்றதே. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போடப்பட்டுவிட்டது.

இந்த நிலையின் விளைவு 2021இல் வெளிப்பட்டது. அவ்வாண்டில் பதிவான இறப்புகள் சுமார் 1.02 கோடி, முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 21 லட்சம் அதிகம். அந்த எண்ணை அரசு வெளியிட்டது 2025ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். இடைப்பட்ட காலத்தில், 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து இந்தியாவில் வழக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 47 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டதும், அந்தக் கணிப்பு முறையை நம் அரசு மறுத்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். 2021 இறுதிவரை அரசு அறிவித்திருந்த கொரோனா இறப்புகள் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. எந்த எண் சரி என்று தீர்ப்பளிக்கும் இடத்தில் நான் இல்லை. ஆனால் பதிவு முறை உண்மையிலேயே முழுமையாக இருந்து, மாதந்தோறும் எண்கள் வெளியாகியிருந்தால், அந்தச் சர்ச்சைக்கே இடம் இருந்திருக்காது. மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வரும் எண், இரண்டாம் அலையின்போது எந்த மாவட்டத்துக்கு ஆக்சிஜன் சிலிண்டர்களையும் மருத்துவர்களையும் அனுப்ப வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவருக்கு எந்த வகையிலும் உதவியிருக்க முடியாது.

இறப்பு பதிவானாலும் அதன் காரணம் பதிவாவதில்லை என்பது இதைவிடப் பெரிய குறை. 2020இல் பதிவான இறப்புகளில் 22.5 விழுக்காட்டுக்கு மட்டுமே மருத்துவர் சான்றளித்த காரணம் இருந்தது. 2021இல் அது 23.4 விழுக்காடு. அதாவது ஐந்து பேரில் ஏறத்தாழ நான்கு பேர் எதனால் இறந்தார்கள் என்பது நாட்டுக்குத் தெரியாது. வீட்டில் நிகழும் இறப்புகளுக்குக் குடும்பத்தார் சொல்வதையே எழுதுகிறோம்: முதுமை, நெஞ்சு வலி, காய்ச்சல், இயற்கை மரணம். ‘இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்’ என்று மருத்துவமனையில் கைவிரித்த பிறகு ஊருக்குக் கொண்டுவரப்பட்டு இறப்பவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவர்களுக்கு என்ன நோய் என்பது அந்த மருத்துவமனையின் கோப்பில் தெளிவாக இருக்கும். பதிவேட்டிலோ முதுமை என்று இருக்கும். கடைசியாகச் சிகிச்சை அளித்த மருத்துவர் காரணச் சான்றைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வீட்டில் இறந்தவருக்காக அதைக் கேட்டு வாங்கலாம் என்பதை அறிந்த குடும்பங்கள் மிகச் சில.

காரணத்தைத் தேடிச் சென்று கேட்டால் என்னவெல்லாம் தெரியவரும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் நிகழ்ந்த இறப்புகளின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, மருத்துவர் வி. கஜலட்சுமி தலைமையிலான குழுவினர் இறந்தவர்களின் வீடுகளுக்கே சென்று, கடைசி நாட்களில் என்னென்ன அறிகுறிகள் இருந்தன என்று கேட்டு, காரணத்தை நிர்ணயித்தார்கள். 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்த அந்தப் பணி 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. காசநோயால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் இறப்புக்குப் புகைப்பழக்கம் காரணமாக இருந்தது என்பதை உலகுக்கு அறிவித்தது அந்த ஆய்வுதான். கிராமத்திலும் நகராட்சியிலும் யாரோ ஒருவர் எழுதிவைத்த பெயரும் முகவரியும் இல்லாவிட்டால் அந்த வீடுகளைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. அதே வழியில், மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின் ஊர்களில் நடந்த ‘பத்து லட்சம் இறப்புகள் ஆய்வு’, 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கலாம் என்று காட்டியது. மருத்துவமனைப் பதிவுகளில் இருந்த எண்ணிக்கை இதில் மிகச் சிறிய பங்கே. வயலில் கடிபட்டு, மருத்துவமனையை எட்டும் முன் இறந்தவர்களை யாரும் எண்ணவில்லை. எண்ணாத இடத்துக்கு விஷமுறிவு மருந்து எப்படிப் போய்ச் சேரும்?

சட்டத்தில் குறை இருப்பதாக நான் கருதவில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 21 நாட்களுக்குள் இலவசமாகப் பதிவு செய்ய வகை செய்கிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஓராண்டு கடந்த இறப்புகளுக்கு நீதிமன்றத்தை நாடாமல் மாவட்ட ஆட்சியரின் அல்லது அவர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரின் ஆணை பெற்றே பதிவு செய்யலாம். ஆனால் நம் வழக்கப்படி பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை குடும்பத்தார் வேறு எதையும் நினைப்பதில்லை. அதன் பிறகு எஞ்சியிருப்பது ஐந்தே நாட்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு அது போதாது. தெரிவிக்கும் கடமையைச் சட்டம் குடும்பத் தலைவர் மீது மட்டும் சுமத்தவில்லை. மருத்துவச்சி, சுகாதாரப் பணியாளர், மயானத்தின் பொறுப்பாளர் ஆகியோர் மீதும் சுமத்தியிருக்கிறது. நகரங்களில் எரிமேடைப் பதிவு ஓரளவு நடக்கிறது. பெரும்பாலான கிராமச் சுடுகாடுகளில் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

திருத்தச் சட்டத்தின்படி அமையும் தேசியத் தரவுத்தளம், வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை முதலியவற்றோடு இணைக்கப்படக்கூடும். இதில் நன்மை உண்டு. ஆனால் இறப்பைத் தெரிவித்தால் அட்டையில் பெயர் போகும், அரிசி குறையும், உதவித்தொகை நிற்கும் என்பது மட்டுமே ஏழைக் குடும்பத்தின் கண்ணில் பட்டால், அவர்கள் தெரிவிக்கத் தயங்குவார்கள். ஈமச்சடங்குக்கான அரசு உதவித் தொகைகளை இறப்புப் பதிவோடு சேர்த்தே, அதே வாரத்தில், வீட்டிலேயே வழங்கினால் இந்தத் தயக்கம் பெருமளவு நீங்கும் என்பது என் கருத்து.

தமிழ்நாடு அரசு உடனடியாகச் செய்யக்கூடியவை சில உண்டு. நம் மாநிலத்தில் கருவுற்ற தாய்மார்களைக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் பிக்மி என்ற அரசு இணையத்தளத்தில் பதிவு செய்கிறார்கள். அந்தக் கருப்பத்தின் முடிவும் குழந்தையின் நிலையும் அங்கே தெரியும். மாநிலத்தின் தலைமைப் பதிவாளராக இருப்பவரும் பொது சுகாதாரத் துறை இயக்குநரே. ஆகவே ஒரே துறையின் கையில் இருக்கும் இந்த இரண்டு பதிவுகளையும் மாதந்தோறும் ஒப்பிட்டு, அங்கே இருந்து இங்கே இல்லாத குழந்தைகளின் பட்டியலை அந்தந்தப் பதிவாளருக்கு அனுப்பி, அவரே வீட்டுக்குச் சென்று பதிவு செய்ய உத்தரவிடுவதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பாலினம், வயது, இறந்த இடம் ஆகியவற்றின்படி பிரித்த எண்களை, மாதம் முடிந்த இரண்டு மாதங்களுக்குள் பொதுவெளியில் வைக்கவும் வேண்டும். ஊரில் வசித்தவர் நகர மருத்துவமனையில் இறந்தால் நகரக் கணக்கில்தான் பதிவாகிறார் என்பதால், இறந்த இடத்தோடு வசித்த இடத்தையும் அந்த அட்டவணையில் சேர்க்காவிட்டால் மாவட்டங்களை ஒப்பிட முடியாது. நூறு விழுக்காடு என்ற ஒற்றை எண்ணுக்குப் பதிலாக இந்த அட்டவணையை வெளியிடுமாறு மாநிலத் தலைமைப் பதிவாளரைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்.