அந்த 80 சதவீதம் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள கலா,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. ஒரு கண்ணில் கட்டோடு எனக்கு நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். டாக்டருக்குத் தெரிந்தால் உனக்கு நல்ல திட்டு கிடைக்கும். இன்னொரு கண்ணுக்கு எப்போது?

இங்கே எல்லாரும் சௌக்கியம். அவர் ரிடையர் ஆகி எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக் கதவுக் கீல் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டு முடித்துவிட்டார், அடுத்து எதைப் பிரிக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார். பேத்தி மீராவுக்கு ஏழு வயது. பள்ளி விட்டதும் நேரே எங்களிடம்தான் வருவாள். அவளும் தாத்தாவும் சேர்ந்தால் வீடு வீடாக இருக்காது.

சரி, பாலியல் குற்றவாளிகளைப் பற்றி உன் கடிதத்தின் கடைசிப் பத்தியில் எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். “இந்த மாதிரி ஆட்களை ஜெயிலிலிருந்து வெளியே விடவே கூடாது சுமதி, நாய் வாலை நிமிர்த்த முடியுமா, திரும்பத் திரும்பச் செய்வார்கள்” என்று எழுதியிருந்தாய். போன வருடம் எழுதியிருந்தால் நானும் ஆமாம் போட்டிருப்பேன். இடையில் ஒரு விஷயம் நடந்துவிட்டது.

ஏப்ரலில் எங்கள் வீட்டுக் கதவில் ஒரு நோட்டீஸ் செருகியிருந்தது. பாலியல் குற்றத்துக்காகச் சிறையிலிருந்த ஒருவர் எங்கள் பகுதிக்குக் குடிவரப் போகிறார், அதுபற்றிக் கூட்டம், வாருங்கள் என்று. இங்கே அமெரிக்காவில், எங்கள் மினசோட்டா மாநிலத்தில் இது வழக்கம். விடுதலைக்கு முன்பே ஒரு குழு உட்கார்ந்து, மறுபடி குற்றம் செய்யும் அபாயத்தை வைத்து ஒவ்வொருவரையும் மூன்று நிலைகளில் ஒன்றில் சேர்க்கும். மூன்றாம் நிலை ஆட்களுக்கு மட்டும்தான் இப்படி ஊரைக் கூட்டிச் சொல்வார்கள்.

மடக்கு நாற்காலிகள் போட்ட ஹால். நுழைந்ததும் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரு புகைப்படம், உயரம், எடை, செய்த குற்றம் இரண்டு வரியில், குடிவரும் தெரு. 60 வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. கலா, நான் எதிர்பார்த்துப் போன முகம் அது இல்லை. வங்கியில் நமக்கு முன்னால் வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரின் முகம் மாதிரி இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

“ஏன் எங்கள் தெரு?” என்று ஒருவர் எழுந்து கத்தினார். சிறைத் துறையிலிருந்து வந்திருந்த பெண் குரலை உயர்த்தவே இல்லை. “அவர் எங்காவது ஒரு தெருவில் இருந்துதான் ஆக வேண்டும். இருக்கும் இடம் தெரிந்தால்தான் எங்களால் கவனிக்க முடியும்” என்றார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “நூற்றில் எண்பது பேர் மறுபடி செய்வார்கள், உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது!” ஹாலில் பாதிப் பேர் தலையாட்டினார்கள், நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த 80 மட்டும் உறுத்தியது. இன்சூரன்ஸ் கம்பெனியில் 22 வருடம் இறப்பு விகிதப் பட்டியலோடு மாரடித்தவள் நான். எந்த எண்ணைப் பார்த்தாலும் இது எங்கிருந்து வந்தது என்று நோண்டாமல் கை சும்மா இருக்காது. நோண்டினேன்.

உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். 2002-ல் கான்சாஸ் மாநிலச் சிறை சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், சிகிச்சை பெறாத பாலியல் குற்றவாளிகள் மறுபடி குற்றம் செய்யும் விகிதம் 80 சதவீதம் வரை இருக்கலாம் என்று நீதிபதி கென்னடி எழுதினார். அடுத்த வருடம், பாலியல் குற்றவாளிகளின் பெயரையும் முகவரியையும் பதிந்துவைக்கும் அலாஸ்காவின் பதிவேட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு எழுதும்போது, இந்த அபாயம் அச்சமூட்டும் அளவுக்கு அதிகம் என்று பழைய வாசகத்தையே மறுபடி எடுத்துப் போட்டார். அந்தத் தீர்ப்பைக் கீழ்க் கோர்ட்டுகள் எடுத்துக்கொண்டன, சட்டசபைகள் எடுத்துக்கொண்டன. ஆனால் 80 எங்கே கிடைத்தது? அரசுத் தரப்பு மனுவில். மனுவுக்கு? நீதித் துறை 1988-ல் வெளியிட்ட ஒரு கையேட்டில். கையேட்டுக்கு? 1986-ல் ஒரு ஜனரஞ்சக மனோதத்துவப் பத்திரிகையில் வந்த கட்டுரையில். அதை எழுதிய இருவரில் ஒருவர் ஆரிகன் மாநிலச் சிறையில் சிகிச்சைத் திட்டம் நடத்தியவர். எங்கள் சிகிச்சை எவ்வளவு அவசியம் தெரியுமா என்று சொல்லும் கட்டுரை அது. அதில் போகிற போக்கில் ஒரு வாக்கியம், வெளியே போகிறவர்களில் 80 சதவீதம் வரை மறுபடி செய்கிறார்கள் என்று. அட்டவணை, ஆய்வு, அடிக்குறிப்பு எதுவும் கிடையாது. எல்மன் என்ற சட்டப் பேராசிரியரும் அவர் மனைவியும் 2015-ல் இந்தத் தடத்தை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் பிடித்து எழுதினார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு டிரெய்னி இப்படி ஒரு எண்ணைக் கொண்டு வந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

எண்ணிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? 1994-ல் 15 மாநிலச் சிறைகளிலிருந்து வெளியே வந்த 9,691 ஆண் பாலியல் குற்றவாளிகளை அரசுப் புள்ளியியல் பிரிவு தொடர்ந்து பார்த்தது. மூன்று வருடத்துக்குள் இன்னொரு பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 5.3 சதவீதம். 2005-ல் 30 மாநிலங்களில் வெளியே வந்தவர்களை ஒன்பது வருடம் பார்த்தார்கள். 7.7 சதவீதம். நீ சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. வேறு குற்றங்களுக்காக உள்ளே போய் வந்தவர்களில் பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்கள் 2.3 சதவீதம்தான். ஆக இவர்களுக்கு மூன்று மடங்குக்கும் மேல். அபாயம் உண்டு, ஆனால் அது 80 இல்லை.

நீ இப்போது என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். கைதானவர்கள் கணக்குதானே இது, பிடிபடாதவர்கள்? அந்த இடத்தில்தான் நானும் நின்றேன். நம் ஹாஸ்டலில் கடைசி அறையில் இருந்தாளே அவளை நினைத்துக்கொண்டேன். ஒரு மழை நாளில் கரண்ட் போனபோது தன் சித்தப்பாவைப் பற்றி நம் இருவரிடம் சொன்னாள் இல்லையா? அதற்கு முன்னும் பின்னும் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மனிதர் எந்த அட்டவணையிலும் இல்லை. அதனால் இந்த எண்களை எல்லாம் குறைந்தபட்சக் கணக்கு என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். கனடாவில் ஹேன்சன் என்பவரும் கூட்டாளிகளும் இன்னும் நீண்ட காலம் பார்த்தபோது ஐந்து வருடத்தில் 14 சதவீதம், 15 வருடத்தில் 24 சதவீதம் என்று கிடைத்தது. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பிடிபடாமல் போகிறார்கள் என்ற வாதம் இரண்டு பக்கமும் வெட்டும். அந்தச் சித்தப்பாவைப் பதிவேடும் பிடிக்காது.

ஹேன்சனுடைய இன்னொரு ஆய்வுதான் என்னை உலுக்கியது. 2014-ல் வந்தது. 7,740 பேர். ஆரம்பத்தில் அபாயம் மிக அதிகம் என்று மதிப்பிடப்பட்டவர்களில் முதல் ஐந்து வருடத்தில் 22 சதவீதம் பேர் மறுபடி மாட்டினார்கள். அவர்களிலேயே பத்து வருடம் எந்தப் பாலியல் குற்றமும் இல்லாமல் கழித்தவர்களை மட்டும் எடுத்தால், அதற்குப் பிறகு 4.2 சதவீதம். வருடம் ஓட ஓட, வயது ஏற ஏற இறங்குகிறது. இன்சூரன்ஸில் இது பால பாடம். புற்றுநோய் வந்து ஒரு வருடம் ஆனவருக்கும் பத்து வருடம் ஆனவருக்கும் ஒரே பிரீமியம் போட மாட்டோம். சட்டத்துக்கு இந்தப் பழக்கம் இல்லை. 2006-ல் வந்த மத்தியச் சட்டம் குற்றத்தின் பெயரைப் பார்த்து 15 வருடம், 25 வருடம், ஆயுள் என்று பதிவுக் காலத்தைப் பிரித்துவிட்டது. ஆளைப் பார்ப்பதில்லை. நாடு முழுக்கப் பட்டியலில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அத்தனை பேர் மேல் கண் வைப்பதும் யார் மேலும் வைக்காததும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தச் சட்டங்கள் எல்லாம் தொடங்கிய இடம் எங்களுக்கு ஒன்றரை மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது, தெரியுமா? செயின்ட் ஜோசப் என்ற சின்ன ஊர். 1989 அக்டோபரில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுப் பையன், தம்பியோடும் நண்பனோடும் சைக்கிளில் வீடு திரும்பும்போது, முகமூடி போட்ட ஒருவன் துப்பாக்கியைக் காட்டித் தூக்கிப் போனான். ஜேக்கப்பின் அம்மா ஓயவில்லை. குற்றவாளிகளின் முகவரி போலீசிடமாவது இருக்க வேண்டும் என்று போராடினார். 1994-ல் பையன் பெயரிலேயே மத்தியச் சட்டம் வந்தது. அதே வருடம் நியூ ஜெர்சியில் மேகன் என்ற ஏழு வயதுக் குழந்தையை எதிர்வீட்டுக்காரன் கொன்றான். அவன் ஏற்கெனவே தண்டனை பெற்றவன் என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. போலீசுக்கு மட்டும் என்று இருந்த பட்டியல் அதன் பிறகுதான் ஊருக்கே என்று மாறியது. அந்த இரண்டு அம்மாக்களையும் நினைத்தால் எனக்கு வாதாட வாய் வராது.

ஜேக்கப்பைக் கொன்றவன் 2016-ல்தான் ஒப்புக்கொண்டான், எலும்புகள் கிடைத்தன. அதற்கு முன் அவன் ஒரு பாலியல் குற்றத்துக்காகக்கூடத் தண்டிக்கப்பட்டதில்லை. 1989-ல் பதிவேடு இருந்திருந்தாலும் அதில் அவன் பெயர் இருந்திருக்காது. ஜேக்கப்பின் அம்மாவே பிற்காலத்தில், இந்தச் சட்டங்கள் எல்லை மீறிப் போய்விட்டன என்று வெளிப்படையாகச் சொன்னார். 27 வருடம் மகனுக்காக வாசல் விளக்கை அணைக்காதவர் சொல்கிறார் என்றால் உட்கார்ந்து கேட்க வேண்டாமா?

ஜேக்கப்பைக் கொன்றவன் விதிவிலக்கும் இல்லை. நியூ யார்க்கில் 21 வருடக் கைதுகளை அலசிய ஓர் ஆய்வில், பாலியல் குற்றத்துக்காகக் கைதானவர்களில் 95 சதவீதத்துக்கும் மேல் அதற்கு முன் அந்த மாதிரிக் குற்றத்தில் தண்டனையே பெறாதவர்கள் என்று தெரிந்தது. பட்டியலுக்கு வெளியே இருந்து வந்தவர்கள்.

பள்ளி, பூங்கா பக்கத்தில் இவர்கள் குடியிருக்கக் கூடாது என்ற விதிகள் தனிக் கூத்து. மயாமியில் அந்தத் தூரத்தை 2,500 அடி என்று வைத்தார்கள். வாடகைக்கு இடமே கிடைக்காமல் பல வருடம் ஒரு பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டு வாழ்ந்தார்கள், அதிகாரிகளுக்குத் தெரிந்தே. மினசோட்டா சிறைத் துறை 2007-ல், வெளியே வந்து மறுபடி பாலியல் குற்றம் செய்து உள்ளே போன 224 பேரின் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தது. இந்தத் தூர விதி இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடிய குற்றம் எத்தனை? ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் தெரிந்தவர், சொந்தக்காரர், காதலியின் பிள்ளை என்றே போகிறது. பூங்கா ஓரம் நின்று பார்க்கிறவன் கணக்கிலேயே இல்லை.

எல்லாமே வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதே. நான் போன அந்தக் கூட்டத்தைப் பற்றியே ஓர் ஆய்வு இருக்கிறது. நியூ ஜெர்சியில் அந்த மேகன் பெயரில் வந்த, ஊருக்குச் சொல்லும் சட்டத்தால் மறுகுற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று 2008-ல் ஓர் அறிக்கை வந்தது. அதே வருடம், மினசோட்டாவில் மூன்றாம் நிலை ஆட்களைப் பற்றி ஊருக்குச் சொல்லும் முறையால் குறைந்திருக்கிறது என்று இன்னோர் ஆய்வு வந்தது. முதலில் குழம்பிப் போனேன். அப்புறம் யோசித்தால், இங்கே சொல்வது மிகக் கொஞ்சம் பேரைப் பற்றி, தேர்ந்தெடுத்து, ஹாலில் உட்கார வைத்து, கேள்விக்குப் பதில் சொல்லி. வலையில் லட்சம் முகத்தைக் கொட்டிவிட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது வேறு காரியம். இது என் ஊகம்தான், ஆய்வாளர்கள் வாயில் திணிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. கனடாவின் ஹாமில்டனில் 1994-ல் ஒரு பாதிரியார் ஒரு முறையைத் தொடங்கினார். வெளியே வந்த ஆளைச் சுற்றி நாலைந்து தன்னார்வலர்கள் சேர்ந்து, வாரா வாரம் சந்தித்து, வேலை தேட உதவி, பொய் சொன்னால் முகத்துக்கு நேரே கேட்பது. மினசோட்டாவும் இதை எடுத்து நடத்தி, யார் யாருக்கு என்று குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்துப் பார்த்தது. பாலியல் குற்ற மறுகைது 88 சதவீதம் குறைந்ததாக 2018-ல் வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் கொஞ்சப் பேர், அதனால் அந்த 88-ஐ நான் அப்படியே விழுங்க மாட்டேன். ஆனாலும் திசை தெரிகிறது. அந்த வட்டத்தில் போய் உட்கார எனக்குத் தைரியம் உண்டா என்று கேட்டால், இன்னும் இல்லை.

அந்தத் தாளை நான் தூக்கிப் போடவில்லை. சமையலறை டிராயரில் இருந்தது. போன வாரம் டேப் தேடிய மீரா அதை எடுத்துவிட்டாள். “பாட்டி, இந்தத் தாத்தா யாரு?”

என்ன சொல்வது? இவர் பக்கம் போகாதே என்று சொல்லலாம், அதற்குத்தானே தாளே கொடுத்தார்கள். ஆனால் 2000-ல் வந்த அரசு அறிக்கையில், போலீசுக்கு வந்த குழந்தைகள் வழக்குகளில் முன்பின் தெரியாதவர் 7 சதவீதம்தான் என்று படித்திருந்தேன். மீதி 93-க்கு எங்கே தாள்? அதனால் படத்தை விட்டுவிட்டு, அவளை மேடைமேல் ஏற்றி உட்கார வைத்துச் சொன்னேன். யாராவது உன்னைத் தொடுவது உனக்குப் பிடிக்கவில்லை என்றால், அம்மாவிடம் சொல்லாதே இது நமக்குள்ளே இருக்கட்டும் என்று யாராவது சொன்னால், அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் சரி.

“யாரா இருந்தாலுமா? தாத்தாவா இருந்தாலுமா?”

அடுத்த அறையில் அவர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் தொண்டை அடைத்தது, கலா.

“தாத்தாவா இருந்தாலும். பாட்டியா இருந்தாலும்” என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு தாத்தாவிடமே ஓடிவிட்டாள், ஏதோ ராக்கெட் ஒட்டவேண்டுமாம்.

இதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். இரண்டாவது கண்ணுக்குத் தேதி சொன்னதும் எழுது. அதுவரை உன் மருமகளை வாசித்துக் காட்டச் சொல், நீயாக உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன்,
சுமதி