‘வீட்டு உரிமையாளர்’ என்று எங்களில் யாரைச் சொல்கிறீர்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வெள்ள நிவாரணம் பற்றி ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். ‘சேதமடைந்த வீடுகளின் உரிமையாளர்கள் உரிய ஆவணங்களுடன் கிராம உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம்’ என்று அதில் ஒரு வரி. அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு மூன்று பேர் என்னைத் தேடி வந்தார்கள். மூவரும் எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்துக்காரர்கள். லயம் என்றால் தொழிலாளர் குடும்பங்கள் ஒட்டி ஒட்டி இருக்கிற வரிசை வீடு, அதில் ஒவ்வொரு அறையும் ஒரு காம்பரா. மூவரும் கேட்டது ஒன்றுதான். “தபால்கார அண்ணே, இதுல நாங்க இருக்கோமா?”

உங்களுக்குத் தெரியாதது இல்லை. லயத்துக் காம்பராவுக்கு உரிமையாளர் என்று அதில் குடியிருக்கிற யாரையும் சொல்ல முடியாது. நாலு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே செத்திருக்கலாம். இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு, சீமெந்து பூசியதும் ஓட்டைத் தகரத்தை மாற்றியதும் சொந்தக் காசாகவே இருக்கலாம். வீட்டு உறுதிப் பத்திரம் எங்கே என்று கேட்டால் காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எங்கள் கஷ்டத்தை இத்தனை வருடமாக எழுதிவரும் உங்கள் பத்திரிகையே ‘உரிமையாளர்கள்’ என்று போட்டுவிட்டால் நாங்கள் வேறு யாரிடம் போய்ச் சொல்வது, ஐயா?

நான் 34 வருடம் தபால்காரனாக இருந்தவன். இந்த விஷயம் என்னை ஏன் இவ்வளவு சுடுகிறது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். என் பையில் வந்த கடிதங்களில் டவுன் கடைக்காரருக்கு இலக்கமும் தெருவும் இருக்கும். தோட்டத்துக்காரருக்குத் தோட்டத்தின் பெயர் மட்டும்தான். 300 குடும்பத்துக்கு ஒரே முகவரி. லயத்து வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்க எனக்கு ஆசைதான், ஆனால் மொத்தமாகக் கட்டித் தோட்ட அலுவலகத்தில் ஒப்படைப்பதுதான் வழக்கம். அங்கே எத்தனை கடிதம் தூங்கியதோ! நேர்முகப் பரீட்சை முடிந்து ஒன்பது நாள் கழித்து அழைப்புக் கடிதம் கையில் கிடைத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். இன்றைக்குக் கொழும்பில் ஒரு கடையில் மூட்டை தூக்குகிறான். அவன் அம்மா என்னை எங்கே கண்டாலும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் பேசுவார்.

சரி, வெள்ளத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்த அந்த இரவு, மகாவலி ஆறு எங்கள் கீழ் லயத்துக்குள் வந்தது. கையில் இருந்த போனுக்கு ஏதோ செய்தி வந்ததாம். அது தமிழில் இல்லாததால் வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. சிங்களம் படித்த ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைதான் காம்பரா காம்பராவாகக் கதவைத் தட்டி எழுப்பினாள். அவள் தட்டியதால் ஆள் சேதம் இல்லாமல் தப்பினோம். 1947 ஆகஸ்டில் இதே ஆறு பெருகி வந்ததை என் அப்பா சிறுவனாகப் பார்த்தவர். அப்போதும் லயம் இதே இடத்தில்தான் இருந்தது என்பார்.

தண்ணீர் ஒன்றரை நாளில் வடிந்துவிட்டது. சேறு வடியவில்லை. முழங்கால் அளவு சேறு, குசினியிலிருந்து இஸ்தோப்பு வரை. மம்பட்டியால் வெட்டி, மாவு மூட்டைச் சாக்கில் இழுத்துக் கொட்டினோம். என் தங்கச்சி அந்த லயத்தில்தான் இருக்கிறாள். அவள் சேறு அள்ளிய நாட்களுக்குப் பேர் கிடையாது, அதாவது நாள் சம்பளம் கிடையாது. கொழுந்து பறித்தால்தானே பேர்? பக்கத்துக் காம்பராக்காரி மூன்றாம் நாளே பாதிச் சேற்றை அப்படியே விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். ‘மக்கள் வழமைக்குத் திரும்பினர்’ என்று பேப்பரில் வருகிறதே, அது இதுதான் ஐயா. இரவில் சேற்றுக்குப் பக்கத்தில் பலகை போட்டுப் பிள்ளையைப் படுக்கவைத்துவிட்டு விடிந்ததும் கூடையை எடுத்துக்கொண்டு போவது.

வீடு துப்புரவாக்க 25,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தது. நல்ல காரியம், நன்றி சொல்கிறேன். அதைக் கேட்டுப் போன என் தங்கச்சியிடம் முதலில் கேட்டது வீட்டுப் பத்திரம். இல்லை என்றதும் தோட்டத்திலிருந்து கடிதம் என்றார்கள். தோட்டத்தில் போய்க் கேட்டால் முகாமையாளர் கொழும்பில் இருக்கிறார், வரட்டும் என்றார்கள். அப்புறம் அடையாள அட்டை. அது ஆற்றோடு போய்விட்டது. அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதுவும் அதே தகரப் பெட்டியில்தான் இருந்தது. ஒவ்வொரு முறை டவுனுக்குப் போகும்போதும் ஒரு நாள் சம்பளம் போகிறது.

காகிதம் என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு. 1948 குடியுரிமைச் சட்டத்தில் காகிதம் இல்லாததால்தான் நாடில்லாதவர்கள் ஆனோம். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு காகிதத்தைப் பார்த்துத்தான் அண்ணனை இந்தியாவுக்கும் தம்பியை இங்கேயும் பிரித்தார்கள். அதனால்தான் வெள்ளம் வந்தபோது என் தங்கச்சி சோற்றுப் பானையை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத் தேடித் தண்ணீருக்குள் இறங்கினாள். பிடித்து இழுத்து மேலே கொண்டுவந்தது அவள் மருமகன்.

இடம் மாறிப் போங்கள் என்கிறார்கள். எங்கே போவது? கீழே ஆறு. மேல் லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்து நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள நல்ல நிலம் முழுக்கத் தேயிலை. தேயிலைக்கு ஆகாத இடத்தில்தான் எங்கள் ஆட்களைக் குடிவைத்தார்கள், அதை இந்தத் தோட்டத்தைச் சுற்றி நடந்தால் யாரும் பார்க்கலாம். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தும் வரைக்கும் எங்கள் லயத்துக்கு வடிகான் வெட்டக்கூடப் பிரதேச சபை தன் பணத்தைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. ஓட்டு மட்டும் அதற்கு முன்னாலும் வாங்கினார்கள்.

மண்சரிவில் புதைந்த மீரியபெத்தைத் தோட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 அக்டோபர் 29, கொஸ்லாந்தையில் காலை நேரம் மண் இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தார்கள் சரி, போக இடம் கொடுத்தார்களா? புதைந்தவர்கள் எத்தனை பேர் என்பதிலும் முதலில் ஓர் எண், பிறகு வேறோர் எண். உயிர் தப்பியவர்கள் புதிய வீட்டுக்குப் போக ஏறத்தாழ இரண்டு வருடம் ஆனது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி தோட்ட மக்களுக்கு மேலும் 10,000 வீடுகள் கட்டித் தருவதாகச் சொன்னபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கை தட்டியவன். எங்கள் தோட்டத்தில் இன்றுவரை ஓர் அத்திவாரம் வெட்டவில்லை.

எங்கேயோ தொடங்கி எங்கேயோ வந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். லயத்தில் குடியிருப்பவர்கள் இந்த உதவிக்கு என்னென்ன காகிதம் கொடுக்க வேண்டும், காகிதம் ஆற்றோடு போயிருந்தால் யாரிடம் போக வேண்டும், தோட்டம் கடிதம் தராவிட்டால் என்ன செய்யலாம் என்பதைப் பொறுப்பான அதிகாரி ஒருவரிடம் கேட்டு, ஒரு பத்தி அளவில் வெளியிடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், வயதானவர்களும் வாசிக்க வேண்டும். ‘உரிமையாளர்கள்’ என்ற இடத்தில் ‘குடியிருப்பவர்கள்’ என்று போடுங்கள்.

அந்த இதழில் மட்டும் எங்கள் டவுன் கடைக்கு 20 பிரதி கூடுதலாக அனுப்பச் சொன்னால் போதும். காசு நான் கொடுக்கிறேன். இந்த முறை அலுவலகத்தில் கட்டாகக் கொடுக்காமல், காம்பரா காம்பராவாக நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
நாவலப்பிட்டி.