பளிச்சென்ற டயலை நம்பாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குறைந்த விலையில் நல்ல கைக்கடிகாரம் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் அரசு நிறுவனமான எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் கடிகாரம் ஜனதாவையும் சேர்த்திருந்ததில் எனக்கு ரொம்ப மகிழ்ச்சி. ஆனால், டயல் பளிச்சென்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னதை ஏற்க முடியவில்லை. ஜனதாவில் பளிச்சென்ற டயலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையின் கடிகாரம் இது. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்துவிட்டது. இன்று விற்பனைக்கு வரும் பழைய ஜனதாக்கள் பெரும்பாலும் யாரோ கட்டிக் கழித்தவை. அத்தனை வருடம் உழைத்த கடிகாரத்தின் டயல் புதுசாக மின்னினால், பெரும்பாலும் மேலே புது பெயின்ட் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

போன வருடம் என் மகன் இணையத்தில் கருநீல டயல் ஜனதா ஒன்றை ஆசையாக வாங்கினான். அதையும் என் அப்பாவின் ஜனதாவையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தேன். அப்பாவுடையதில் வெள்ளை பழுத்துச் சந்தன நிறமாகிவிட்டது. ஆறு மணிக்குப் பக்கத்தில் ஈரம் ஏறிய புள்ளி இரண்டு. ஆனாலும் நிமிடக் கோடு ஒவ்வொன்றும் ஊசியால் கீறினாற்போல் இருக்கிறது, பெரிய முள்ளின் நுனி சரியாகக் கோட்டைத் தொடுகிறது. மகனுடையதில் எழுத்துகள் மை ஊறித் தடித்திருந்தன. பன்னிரண்டின் கோடு மயிரிழை விலகியிருந்தது. முள்ளும் வேறு எதனுடையதோ, கோடு வரை எட்டவே இல்லை. பாவம், அவன் முகம் வாடிவிட்டது.

ஜனதா சுமார் 35 மி.மீ. அகலம், முழுக்கைச் சட்டைக்குள் அடங்கிவிடும். தேதி இல்லை, பேட்டரி இல்லை. காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலை வரை ஓடும். உள்ளே 17 கல். விலைமதிப்புக்காக வைத்தவை அல்ல. சக்கர அச்சு தேயாமலிருக்க வைத்த செயற்கை மாணிக்கங்கள். காதில் வைத்தால் நொடிக்கு ஐந்து துடிப்பு. பிரித்துச் சுத்தம் செய்து ஆயில் போட எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஒருவர் இருக்கிறார். பிளாஸ்டிக் கண்ணாடியில் விழும் கீறல் பற்பசை வைத்துத் தேய்த்தாலே மங்கிவிடும். டயலில் பெயின்ட் அடித்துவிட்டால் மட்டும் பழையதை மீட்க வழியே இல்லை.

அடுத்த முறை எழுதும்போது அசல் டயல், பெயின்ட் அடித்த டயல் இரண்டின் படத்தையும் பெரிதாகப் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். வாங்கப்போகிறவர்களுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்