குடியை விட்டவரைத் துணைக்கு அனுப்புங்கள்

கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

விபத்து இழப்பீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுப்பினருடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நீங்கள், அதே உறுப்பினர் குடியில் மூழ்கும்போது அது அவருடைய வீட்டு விவகாரம் என்று ஒதுங்கிக்கொள்கிறீர்கள். பல ஆண்டுகள் குடித்து, பின்னர் அதை விட்டு, இன்றும் கொத்து வேலை பார்க்கும் உறுப்பினன் என்ற முறையில் ஒன்றைக் கேட்கிறேன். குடியை நிறுத்த முயலும் தொழிலாளிக்கு, முன்பே நிறுத்திய ஒருவரைச் சங்கமே துணையாக அனுப்ப வேண்டும்.

குடிக்கும் தொழிலாளிக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. குழந்தையின் தலையில் அடித்துச் சத்தியமும் செய்திருப்பார். அது உடைந்த அன்று, வீட்டார் முகத்தில் விழிக்க முடியாமல் கூடுதலாகக் குடித்திருப்பார். குடியை விட்டவர் சத்தியம் கேட்கமாட்டார், "இன்று சாயங்காலம் எங்கே இருப்பாய்?" என்றுதான் கேட்பார்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாட்களில் மனக்குழப்பம் ஏற்பட்டு, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். குடிக்காமல் வந்திருக்கிறான் என்று மகிழ்ந்து மேஸ்திரி அவரைச் சாரத்தில் ஏற்றுவது அந்த நாட்களில்தான். ஆகவே துணைக்குச் செல்பவர் அவரை முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். வலிப்பைத் தடுக்கும் மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் அங்கே கிடைக்கும். மனம் தடுமாறும் இரவில் பேச, 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, அது அரசின் மனநல உதவித் தொலைபேசி.

வீட்டார் சோற்றில் மறைத்துக் கலக்கும் மருந்தையும் துணைக்குச் செல்பவர் தடுக்க வேண்டும். அப்படிக் கலக்கப்படும் டைசல்ஃபிரம், மருத்துவர் மேற்பார்வையில், நோயாளி அறிந்து உட்கொள்ள வேண்டிய மாத்திரை. அறியாமல் உட்கொண்டவர் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகக்கூடும்.

நம் தொழிலில் எத்தனையோ பேர் சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடாமல் இருக்கிறார்கள். மாலையைக் கழற்றிய வாரமே பழைய இடத்தில் நிற்கிறார்கள். பக்தியின் பங்கைப் பக்தர்கள் சொல்லட்டும். நான் கண்டது வேறு. அந்த 48 நாளும் அவரை ஊரே "சாமி" என்று அழைக்கிறது, குடிக்கும் நேரத்தில் பஜனை இருக்கிறது, கூட வரும் சாமிகள் இருக்கிறார்கள், "ஒரு கட்டிங் போடலாம் வா" என்று எவரும் இழுப்பதில்லை. கழற்றிய அன்று இவை எல்லாம் ஒரே நாளில் போய்விடுகின்றன. 49ஆம் நாள் சாயங்காலம் அவருடன் தேநீர்க் கடையில் உட்கார ஒரு தோழர் இருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்!

சனிக்கிழமைதான் கடினம். கூலி கைக்கு வரும் நேரத்தில் டாஸ்மாக் திறந்திருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனையை நடத்துவது அரசே என்பதால் சங்கம் அங்கும் குரல் எழுப்பலாம், ஆனால் அது வேறு மடலுக்குரிய விஷயம். இப்போதைக்கு, அவர் சம்மதித்தால் கூலி வங்கிக் கணக்குக்குப் போகட்டும். துணைவர் அவரோடு வேறு தெரு வழியாக வீடு வரை நடக்கட்டும். கடன் கொடுப்பதோ, வராத நாளுக்கு மேஸ்திரியிடம் பொய் சொல்வதோ துணையாகாது. மீண்டும் குடித்துவிட்டால் மறுநாள் காலையே போய், வசை இல்லாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

துணைக்குப் போகிறவரே சறுக்கிவிடமாட்டாரா என்று கேட்பீர்கள். அந்த அச்சம் நியாயமானது. அதனால் இருவராக அனுப்புங்கள், மதுக்கடைக்குள் போய் எவரையும் இழுத்துவரச் சொல்லாதீர்கள். எனினும் 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டிருந்தும் வியாபாரம் முறிந்து மீண்டும் குடிக்கத் துடித்த பில் வில்சன் என்பவர், தன்னைக் காத்துக்கொள்ளவே இன்னொரு குடிநோயாளியான மருத்துவர் பாப் ஸ்மித்தைத் தேடிப் போய்ப் பேசினார். குடிநோயாளிகள் குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அந்தச் சந்திப்பில்தான் பிறந்தது.

அடுத்த மாவட்டக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேருங்கள். விருப்பமுள்ளவர்களின் பெயர்களைப் பலகையில் எழுதாமல் செயலாளரிடம் மட்டும் வையுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் நாளின் பேருந்துக் கட்டணத்தையும் இழந்த கூலியையும் சங்க நிதியிலிருந்து கொடுங்கள். முதல் பெயராக என்னுடையதைத் தரத் தயாராக இருக்கிறேன்.

தோழமையுடன்,
உங்கள் உறுப்பினர் ஒருவர்